தாய்மாமன் சம்மதிக்காத ஊசி

மேல் பிரிவு, பழைய லயம்,
தெஹியோவிட்ட.
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய லோகநாதன் அண்ணன் அவர்களுக்கு, தங்கை கிருஷ்ணகுமாரி கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மச்சான் யோகராஜும் மகள் ஷாமிளாவும் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். அங்கு கொழும்பில் நீங்களும் அண்ணியும் மகளும் சுகமாக இருக்க அதே முருகனிடம் மனுப் போட்டிருக்கிறேன். நீங்கள் சுகமாகத்தான் இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். உடம்புக்கு முடியாதவர் யாரும் பதினாறு நிமிடம் மூச்சு விடாமல் வொய்ஸ் மெசேஜ் அனுப்ப மாட்டார்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் "அண்ணே" என்று தொடங்கினால், "கொஞ்சம் பொறு, நான் சொல்றத மொதல்ல கேளு" என்பீர்கள். நான் பொறுப்பேன். நீங்கள் சொல்வீர்கள். சொல்லிக்கொண்டே இருப்பீர்கள். என் ரீலோட் முடிந்துவிடும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. இதில் முதலிலிருந்து கடைசி வரை நான்தான் பேசப் போகிறேன். இடையில் பேச வேண்டும் போல இருந்தால் கடைக்கு வெளியே போய் நின்று பேசிவிட்டு வந்து மீதியை வாசியுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் பள்ளிக்கூடத்தில் தரம் ஆறில் படிக்கிற பெண்பிள்ளைகளிடம் ஆளுக்கொரு தாள் கொடுத்து அனுப்பினார்கள். கருப்பைக் கழுத்தில் வருகிற புற்றுநோயைத் தடுக்க ஊசி போடப் போகிறோம், சம்மதம் என்றால் கையெழுத்து வையுங்கள் என்று இருந்தது. அவ்வளவுதான். நான் பால் வெட்டு முடித்து வந்து, விரல்களில் ஒட்டியிருந்த இறப்பர் பாலை உரித்துக்கொண்டே வாசித்தேன். அதில் எனக்கு ஒரு கோளாறும் தெரியவில்லை. கை சுத்தமாக இல்லை, கழுவிவிட்டு வந்து கையெழுத்துப் போடலாம் என்று தாளை மேசையில் வைத்துவிட்டுப் பீலிக்குப் போனேன். அந்தக் கை கழுவப் போனதுதான் நான் விட்ட பிழை. திரும்பி வருவதற்குள் உங்கள் மச்சான் அதைப் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டார். ஒரு கோழி வாங்குவதானாலும் அதன் படத்தை உங்களுக்கு அனுப்பிப் பதில் வந்த பிறகுதான் வாங்குகிற மனிதர் அவர். கோழிகள் எல்லாம் செத்துப்போயின என்பது வேறு கதை.

அன்றைக்கு மாலையே உங்கள் குரல் வந்தது. நீங்கள் சொன்னதை உங்களுக்கே ஞாபகப்படுத்துகிறேன், மறந்திருப்பீர்கள்.

"இந்தா பாரு கிருஷ்ணா, இது நீ நெனைக்கிற மாதிரி சும்மா ஊசி இல்ல. ஆம்பள பொம்பள சேர்றதால பரவுற கிருமிக்குப் போடுறது. அந்த மாதிரிப் பொம்பளைங்களுக்கு வர்ற வருத்தம். பதினொரு வயசுப் புள்ளைக்கு இத எதுக்குப் போடுறானுங்க? நம்ம புள்ளைங்களப் பத்தி என்னதான் நெனச்சிருக்கானுங்க? போட்டா நாளைக்குப் புள்ள பொறக்காது, அது தெரியுமா ஒனக்கு? தோட்டத்து ஆளுங்க தொகையக் கொறைக்கத்தான் இந்த வேல. தாய்மாமன் நான் சம்மதிக்கல. மீறிப் போட்டீங்கன்னா சடங்குக்கு என்னோட சீரும் வராது, நானும் வர மாட்டேன்."

அண்ணே, நீங்கள் பழைய சோனகத் தெருவில் பைப்பும் வால்வும் விற்கிற கடையில் கெஷியராக இருக்கிறீர்கள். பைப் பற்றி நீங்கள் எதைச் சொன்னாலும் நான் கேட்பேன். நம் லயத்து வீட்டு வரிசைக்குத் தண்ணீர் வருகிற பீலி ஒழுகினால் முதலில் உங்களைத்தான் கேட்பேன். ஆனால் கருப்பை பற்றியும் கிருமி பற்றியும் உங்களுக்கு யார் பாடம் எடுத்தார்கள்? ஊசியைப் பற்றிப் பேச உங்களுக்கு என்ன தகுதி இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா? ஷாமிளாவுக்குக் காது குத்தியபோது முறைப்படி தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தினோம். பிள்ளை அழவே இல்லை. மயங்கி விழுந்தது நீங்கள். உங்கள் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி உட்கார வைத்த பிறகுதான் மற்றக் காதைக் குத்த முடிந்தது. அன்றைக்கு அந்தப் பிள்ளையிடம் யாராவது சம்மதம் கேட்டோமா? தோடு போடுவதற்கு இரண்டு ஓட்டை போடலாம், உயிரோடு இருப்பதற்கு ஒரு ஊசி போடக் கூடாது, அப்படித்தானே?

இதை எனக்கு மட்டும் அனுப்பியிருந்தால் நானும் அழித்துவிட்டு அரிசி கழுவப் போயிருப்பேன். நீங்கள் தோட்டத்துக் குரூப்பிலும் போட்டுவிட்டீர்கள். மறுநாள் விடிய, வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்குப் போனால், பேர் போடுகிற இடத்தில் நிற்கிற ஒவ்வொருவர் போனிலிருந்தும் நீங்கள்தான் பேசுகிறீர்கள். ஒரு போனில் "சும்மா ஊசி இல்ல" என்கிறீர்கள், இன்னொரு போனில் "புள்ள பொறக்காது" என்கிறீர்கள், அந்தப் பக்கம் ஒருவர் பின்னுக்குத் தள்ளி "அந்த மாதிரிப் பொம்பளைங்க" என்கிற இடத்தையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். தோட்டத்தை விட்டுப் போய் இத்தனை வருடத்தில் நீங்கள் ஒரு நாளும் பெரட்டுக்கு வந்ததில்லை. அன்றைக்கு வந்தீர்கள், அதுவும் அறுபது எழுபது பேராக.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். அதிபர் மகாதேவி டீச்சரை உங்களுக்குத் தெரியாது, யாழ்ப்பாணத்துக்காரர், வந்து ஒரு வருடம்தான். அவரோடு நம் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் லதீபா மிஸ்ஸும் வந்திருந்தார். லதீபா மிஸ் வேர்க்க விறுவிறுக்க மலையேறி வந்து, படம் வைத்து, ஒவ்வொன்றாக விளக்கினார். பிள்ளை பிறக்காது என்பது சுத்தப் பொய் என்றார். "என்ட மகளுக்கும் இதே ஊசிதான் போட்டீக்கி" என்றார். சின்ன வயதில் ஏன் போடுகிறோம் என்றால், கிருமி உடம்புக்குள் வருவதற்கு முன்னே போட்டால்தான் பலன், வந்த பிறகு போட்டுப் பிரயோசனமில்லை என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் கூடப் பரவாயில்லை, அண்ணனின் வொய்ஸ் தோற்றுவிட்டது என்று நினைத்தேன். அப்போது ஒருவர் எழுந்து, "டீச்சர், இது கட்டாயமா?" என்று கேட்டார்.

"கட்டாயமில்லை. உங்கட விருப்பம்தான். வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார் மகாதேவி டீச்சர், பாவம், நல்ல மனதோடு.

அவ்வளவுதான், மண்டபம் அப்படியே மாறிவிட்டது. தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் சத்தம் போட்டார்.

"விருப்பமா? நம்ம விருப்பத்த எவன் என்னைக்குக் கேட்டான்? நம்ம ஆளுங்களக் கப்பல்ல ஏத்துனப்போ கேட்டானா? பிரஜாவுரிமையப் புடுங்குனப்போ கேட்டானா? தேயிலயப் புடுங்கிட்டு றப்பர் வச்சப்போ கேட்டானா? சம்பளத்தக் கொழும்புல உக்காந்து பேசி முடிச்சிட்டு வந்து சொல்றான். இத்தன காலத்துல இந்த ஊசிக்கு மட்டும் வந்து கையெழுத்துக் கேக்குறான்னா, சும்மாவா கேப்பான்?"

லதீபா மிஸ் படத்தைச் சுருட்டத் தொடங்கினார். அந்த மனிதர் சொன்னதில் ஊசியைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. ஐந்து நிமிடத்தில் மண்டபம் காலி. மேசையில் வைத்திருந்த பிஸ்கட்டைக் கூட யாரும் எடுக்கவில்லை, அதையும் விருப்பம் என்றால் எடுத்துக்கொள்ளலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

கட்டாயம் என்ற சொல் எனக்குப் பிடிக்காது, அது உங்களுக்கே தெரியும். கட்டாயத்திலேயே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அன்றைக்கு ராத்திரிச் சோறு பொங்கும்போது எனக்கே தோன்றியது, இந்த அரசாங்கம் ஒரு வார்த்தை கட்டாயம் என்று சொல்லியிருந்தால் என் வீட்டில் இந்தச் சண்டை இல்லையே என்று. பி.சி.ஜி. குத்தியபோது எந்தத் தாய்மாமனிடமாவது கேட்டார்களா? போலியோச் சொட்டு மருந்தை ஊற்றியபோது எந்தத் தாய்மாமனாவது கொழும்பிலிருந்து குரல் கொடுத்தாரா? கேட்கவில்லை, குத்தினார்கள், எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். இப்போது மரியாதையாகக் கேட்கிறார்கள், நாம் மரியாதையாகக் கெட்டுப்போகிறோம்.

அதனால் நான் ஒரு வேலை செய்தேன். கணக்கப்பிள்ளைக்கும் தரம் ஆறில் ஒரு மகள். அவர் வீட்டிலும் இதே சண்டை, அங்கே வொய்ஸ் அனுப்பியது ஒரு பெரியப்பா. நாங்கள் இரண்டு பேரும் பேசி வைத்தபடி, மறுநாள் காலைப் பெரட்டில் அவர் பேர் போட்டு முடித்ததும் உரத்த குரலில், "ஆறாம் ஆண்டு பொம்பளப் புள்ளைங்க எல்லாருக்கும் அடுத்த வெள்ளிக்கிழமை ஊசி. கட்டாயம். சாட்டு ஒண்ணும் எடுபடாது" என்று சொன்னார். நீங்கள் அந்த முகங்களைப் பார்த்திருக்க வேண்டும். சுமையை இறக்கி வைத்த மாதிரி ஒரு நிம்மதி. "அப்பிடிச் சொல்ல வேண்டியதுதானே, எதுக்கு வீணாக் கூட்டம் வச்சாங்க?" என்று பேசிக்கொண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்குப் போனார்கள். நானும் அன்றைக்கு ஒரு மரம் கூடுதலாகவே வெட்டினேன், அவ்வளவு சந்தோஷம்.

சந்தோஷம் பால் நிறுக்கிற நேரம் வரைக்கும்தான். தொழிற்சங்கத் தலைவர் முத்துவீரன் வந்து நின்றார். உங்களோடு படித்தவர், இப்போது தொப்பை வைத்திருக்கிறார். "கட்டாயமா? யார்கிட்டக் கேட்டுக் கட்டாயம்? கூட்டு ஒப்பந்தத்துல எந்தப் பக்கத்துல இருக்கு ஊசி?" என்று தராசுக்கு முன்னால் நின்று முழங்கினார். கூட்டு ஒப்பந்தத்தில் ஊசி இல்லைதான். அதில் நாம் கேட்ட எதுவுமே இல்லை, அது வேறு விஷயம். மறுநாள் வேலைநிறுத்தம் என்று அறிவித்துவிட்டார். கோரிக்கைகள்: ஊசியைப் பேச்சுவார்த்தை இல்லாமல் திணிக்கக் கூடாது, திணிப்பதானால் தாய்மாருக்கு அன்றைக்கு அரைநாள் சம்பளமாக அரைப்பேர் போட வேண்டும், லயத்துக் கூரைக்குத் தகரம் வேண்டும், கோவில் பாதைக்குக் கல் போட வேண்டும். விருப்பம் என்றால் சந்தேகப்படுகிறார்கள், கட்டாயம் என்றால் கொடி பிடிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது ஒரு சொல் தமிழில் இருந்தால் எனக்கு எழுதி அனுப்புங்கள்.

வேலைநிறுத்தத்தன்று விடியற்காலையிலிருந்து மழை கொட்டியது. மழையில் மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது, எந்த நாளும் அப்படித்தான். யாரும் வேலைக்குப் போகவில்லை, போகவும் முடியாது. முத்துவீரன் தலைவர் குடையைப் பிடித்துக்கொண்டு லயம் லயமாக வந்து, வேலைநிறுத்தம் நூற்றுக்கு நூறு வெற்றி என்று அறிவித்தார். உங்கள் மச்சான் அதற்குக் கை தட்டினார். வீட்டுக்குள் படுத்திருந்தபடியே தட்டினார்.

நான் குடை பிடித்துக்கொண்டு டவுனுக்குப் பருப்பு வாங்கப் போனேன். கடை முதலாளி என்னைக் கண்டதும், "மொகத நங்கி, இன்ஜெக்ஷன் எகடத் ஸ்ட்ரைக்த?" என்று கேட்டுச் சிரிக்கிறார், ஊசிக்கும் வேலைநிறுத்தமா என்று. அவருடைய பேத்திக்குப் போன வாரமே சிங்களப் பள்ளிக்கூடத்தில் போட்டுவிட்டார்கள். அந்த வகுப்பில் ஒரு பிள்ளை கூட மிச்சமில்லையாம். எனக்குச் சிரிக்க வரவில்லை, அண்ணே. கீழே கிராமத்துப் பிள்ளைகளுக்கு அந்த நோய் வராது. மேலே லயத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் வரட்டும் என்று நாமே ஏற்பாடு செய்கிறோம். தோட்டத்து ஆட்கள் தொகையைக் குறைக்கச் சதி என்றீர்களே, அந்தச் சதியை யார் செய்கிறார்கள் என்று பருப்புப் பொட்டலத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன்.

கடைசியில் தோட்டத்தை நடத்துகிற துரை, முத்துவீரன் தலைவரைக் கூப்பிட்டு, நான் எந்த ஊசிக்கும் உத்தரவு போடவில்லை, தோட்டத்துக்கும் ஊசிக்கும் சம்பந்தமே இல்லை, யாருக்கும் கட்டாயம் கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். தலைவர் அதையும் வெற்றி என்றார். கோவில் முச்சந்தியில் பட்டாசு வெடித்தது. கணக்கப்பிள்ளை மூன்று நாள் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. தகரமும் இல்லை, கல்லும் இல்லை, அரைப்பேரும் இல்லை, ஊசி திரும்பவும் விருப்பம். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிட்டோம், நடுவில் பட்டாசு மட்டும் லாபம்.

நேற்று நான் தாளைக் கொண்டுபோய் உங்கள் மச்சான் முன்னால் வைத்து, "போடுறீங்களா, நான் போடவா?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகுதான் கவனித்தேன், பென்சிலில் போட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டால், "மச்சான் ரொம்பக் கோவிச்சுக்கிட்டா அழிச்சிரலாம்ல? நாளைக்குச் சடங்குன்னு வந்தா தாய்மாமன் இல்லாம யார முன்னுக்கு நிறுத்துறது? லயமே சிரிக்காதா?" என்கிறார். பதினைந்து வருடமாக இவரோடு குடும்பம் நடத்துகிறேன். தாலியையாவது நிரந்தரமாகக் கட்டினாரா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அண்ணே, இது வரைக்கும் கோபத்திலும் சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். இனிமேல் முடியவில்லை. மரியாதையும் இந்த இடத்தோடு முடிகிறது, மன்னிக்க வேண்டாம்.

அந்த மாதிரிப் பொம்பளைங்களுக்கு வர்ற வருத்தம் என்று சொன்னாயே. நம் அம்மா எந்த மாதிரிப் பொம்பளை? சொல். சுப்பம்மா என்கிற நம் அம்மா எந்த மாதிரிப் பொம்பளை? அவிசாவளைக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து மகரகமை ஆஸ்பத்திரிக்குப் பஸ் மாறி, மடித்த துவாயை அடியில் போட்டு உட்கார வைத்து நாம் இரண்டு பேரும்தானே அழைத்துக்கொண்டு போனோம்? நாற்றம் தாங்காமல் பக்கத்து சீட்டுக்காரி எழுந்து போனபோது, அம்மாவுக்குத் தெரியக் கூடாதென்று நீதானே அந்த சீட்டில் வந்து உட்கார்ந்தாய்? டொக்டர் சிங்களத்தில் சொன்னார். கருப்பைக் கழுத்தில் புற்றுநோய், முற்றிவிட்டது, முன்னாலேயே ஏன் வரவில்லை என்று கேட்டார். உனக்குச் சிங்களம் தெரியும். எனக்கும் தெரியும். அம்மாவுக்குத்தான் அவ்வளவாகத் தெரியாது. நீ அம்மா பக்கம் திரும்பி, "ஒண்ணுமில்லம்மா, வயித்துல சின்னக் கட்டியாம்" என்றாய். அம்மா உன் கன்னத்தைத் தடவினாள். அந்தப் பொய்யை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன், அண்ணே. அது பாசத்தில் சொன்ன பொய். ஆனால் சாவு வீட்டில் என்ன வருத்தம் என்று கேட்ட ஒவ்வொருவரிடமும் கேஸ்ட்ரிக் என்று சொன்னாயே, அது பாசம் இல்லை, வெட்கம். ரத்தம் போவதை ஒரு வருடம் வாய் திறந்து சொல்லாமல், வாளியோடு மலை ஏறி இறங்கிக்கொண்டிருந்தாளே, அம்மாவைக் கொன்றதும் அதே வெட்கம்தான். அப்பாவைத் தவிர வேறொரு ஆணின் முகத்தை நிமிர்ந்து பார்க்காதவள் அம்மா. லதீபா மிஸ்ஸிடம் தனியாகக் கேட்டேன். ஒரே புருஷனோடு வாழ்ந்தவர்களுக்கும் வரும், கல்யாணம் கட்டிய யாருக்கும் வரும், இதில் நல்லவள் கெட்டவள் கிடையாது என்றார். உன் பதினாறு நிமிடத்தில் நீ யாரைத் திட்டினாய் என்று உனக்குத் தெரிகிறதா? தோட்டம் முழுக்க எல்லோர் போனிலும் நீ நம் அம்மாவைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதன்முதலாக ஒருத்தி மலையேறி வந்து, உன் மகளுக்கு என்ன செய்யட்டும் என்று என்னிடம் கேட்டாள். பதில் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் நீ கொழும்பிலிருந்து எனக்காகப் பதில் சொல்லிவிட்டாய். அதுதான் எனக்கு ஆகவில்லை. மற்றவர்கள் கேட்காமலே செய்தார்கள், ஒருத்தி கேட்டும் நீ என்னைப் பதில் சொல்ல விடவில்லை.

ஆகவே என் முடிவைக் கேட்டுக்கொள். வெள்ளிக்கிழமை ஷாமிளாவுக்கு ஊசி. அந்தத் தாளில் தாய் போட்டாலும் செல்லும். பேனையால் போடப் போகிறேன், உன் மச்சானின் பென்சிலுக்கு மேலேயே. நீ சடங்குக்கு வர வேண்டாம். பட்டுப்பாவாடை வேண்டாம், தட்டு வேண்டாம், குடிசை கட்டப் பச்சை ஓலையும் வேண்டாம். சபை நடுவே தாய்மாமனுக்குப் போடுகிற நாற்காலியில் லதீபா மிஸ்ஸை உட்கார வைத்து, உனக்குப் போட வேண்டிய மாலையை அவருக்குப் போடுவேன். முஸ்லிம் பெண் தாய்மாமன் ஆகலாமா என்று எவனாவது கேட்டால், என் பிள்ளை உயிரோடிருக்க வேண்டும் என்று மலையேறி வந்தவர் யார் என்று நான் அவனைக் கேட்பேன். சிரிக்கிற லயம் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். மகளுக்கு அத்தையின் முத்தங்கள். கடையில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள். எல்லாம் வல்ல முருகன் உங்களுக்கு நீண்ட ஆயுளும், குறைந்த டேட்டாவும் தரப் பிரார்த்திக்கும்,

அன்புத் தங்கை
கிருஷ்ணகுமாரி

பி.கு.: இன்று வெள்ளிக்கிழமை. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. புதன்கிழமை உங்கள் புது வீட்டு விலாசம் கேட்கலாம் என்று அண்ணிக்குப் போன் எடுத்தேன். என்ன கடிதம் என்று கேட்டார், சொன்னேன். போனிலேயே விழுந்து விழுந்து சிரிக்கிறார். உங்கள் மகளுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னாலேயே கொழும்புப் பள்ளிக்கூடத்தில் இதே ஊசி போட்டாயிற்றாம். சம்மதக் கையெழுத்துப் போட்டது நீங்களாம்! கிரிக்கெட் மெட்ச் கடைசி ஓவர் ஓடும்போது அண்ணி தாளை நீட்டினாராம், நீங்கள் டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல், பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவா என்று கேட்டுவிட்டுப் போட்டுக் கொடுத்தீர்களாம். நல்ல வடிவான கையெழுத்தாம், பேனையில்.

உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அண்ணி கேட்டுக்கொண்டதால் நான் உங்களிடம் சொல்லவில்லை. தோட்டத்துக் குரூப்பில் மட்டும்தான் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் நம்ப மாட்டீர்கள். "பாத்தியா லோகநாதன? தன் மகளுக்கு ரகசியமாப் போட்டுக்கிட்டு, நமக்கு மட்டும் வேணாங்கிறான்! அப்ப நல்ல சாமானாத்தான் இருக்கும், நமக்குக் கெடைக்காமப் பண்ணப் பாக்குறான்" என்று வியாழக்கிழமை பள்ளிக்கூட வாசலில் வரிசை. விருப்பமா கட்டாயமா என்று ஒருவரும் கேட்கவில்லை. முத்துவீரன் தலைவர் வந்து, நம் தோட்டத்துப் பிள்ளை ஒன்றுக்காவது ஊசி போடாமல் விட்டால் திங்கட்கிழமை வேலைநிறுத்தம் என்று மகாதேவி டீச்சரிடம் எச்சரித்துவிட்டுப் போனார். உங்கள் மச்சான் என் பேனையைப் பறித்து, பென்சிலுக்கு மேலே அவரே எழுதிவிட்டார். ஷாமிளா இன்று ஊசி போட்டுக்கொண்டு வந்து, கை கொஞ்சம் வலிக்கிறது என்று சொல்லி என்னைச் சோறு ஊட்டச் சொல்கிறாள். அழவில்லை. காது குத்திய அன்றைக்குப் போலத்தான்.

ஆக, மேலே எழுதியதில் எதுவும் இனித் தேவைப்படாது. முத்திரை வாங்கிவிட்ட பாவத்துக்குத்தான் அனுப்புகிறேன், வாசித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள். அம்மாவைப் பற்றி எழுதியதை மட்டும் கிழிக்காதீர்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, பதினாறு நிமிடம் பேசினீர்களே, அதே குரூப்பில் ஒரே ஒரு நிமிடம் பேசுங்கள். அம்மாவுக்கு வந்தது கேஸ்ட்ரிக் இல்லை என்று சொல்லுங்கள். என்ன வருத்தம் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகு உங்கள் நாற்காலியை எடுத்துத் துடைத்து வைக்கிறேன். லதீபா மிஸ்ஸின் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் போடுவேன்.